இருபத்தேழாம் நம்பரின் அழுகை

இருபத்தேழாம் நம்பர் சட்டை பெல்ட்டில் ஏறி டிடெக்டரின் வாய்க்குள் நுழைந்து மறுபக்கம் தலை நீட்டுவதற்குள் அது அழத் தொடங்கிவிட்டது, விட்டு விட்டு, விக்கல் எடுத்த குழந்தையைப் போல, செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

"வெண்கலமுங்க! நம்ம சாஞ்ச தோளுக்கு வெண்கலமுங்க!" என்று டிடெக்டரில் நிற்கும் பூங்கோதை லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

சூப்பர்வைசர் சென்னியப்பன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தவமணியின் மிஷின் எல்லாவற்றுக்கும் முன்பே நின்றிருந்தது. அவள் கை தட்டவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்து, செருப்பைத் தேடி, செருப்புக்குள் காலை விடாமல் வெறும் தரையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மிஷினில் ஜரினா அவளைப் பார்க்காமல், "கை தட்டுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

தவமணி இரண்டு தட்டுத் தட்டினாள்.

திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் கம்பெனியில் சட்டைகள் அழத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே தைத்தது குளிர் நாட்டு ஆட்டக்காரர்களுக்கான உள்சட்டை. மலைச்சரிவில் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்குகிறவர்களும், உறைந்த தண்ணீரின் மேல் கத்தி பதித்த பூட்ஸோடு ஓடுகிறவர்களும் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்கிற சட்டை. ஒவ்வொருவருக்கும் தனி அளவு, தனி நம்பர். தைத்து முடித்த சட்டையெல்லாம் கடைசியில் டிடெக்டருக்குள் போய் வர வேண்டும், ஏனென்றால் தைக்கும்போது ஊசி உடைந்து ஒரு துணுக்கு துணிக்குள் தங்கிவிட்டால் போடுகிறவர் உடம்பில் அது இறங்கும். துணியில் இரும்பு இருந்தால் மிஷின் கத்தும். அதற்குத்தான் அந்த மிஷின்.

முதல் சட்டை அழுதபோது அதைப் பிரித்தார்கள், ஒன்றும் இல்லை. கத்தரியால் வெட்டினார்கள். காலர் தனியாக அழுதது, கை தனியாக அழுதது, விரற்கடை அகலத்துக்கு நறுக்கிய விளிம்புத் துண்டும் அழுதது, எதிலும் இரும்பு இல்லை. விதிப்படி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு அதே நம்பருக்குப் புதுத் துணியில் புதுச் சட்டை தைத்தார்கள், அதுவும் அழுதது. டிடெக்டர் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, தான் கொண்டுவந்த இரும்பு மணி வைத்த அட்டையை விட்டுப் பார்த்து, மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்த வருஷத்துப் போட்டி எங்கோ நடந்து முடிந்தபோது, எந்த நம்பர் எந்த ஆட்டக்காரருடையது என்று தெரிந்த ஆபீஸ் பையன் அகிலன் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே, ரசத்தில் உப்புக் குறைகிறது என்று சொல்கிற குரலில், "அழுததெல்லாம் பதக்கம் வாங்கியிருக்குதுங்க. நீட்டி அழுதது தங்கம், ரெண்டு தரம் அழுதது வெள்ளி, விக்கி விக்கி அழுதது வெண்கலம்" என்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சென்னியப்பன் மட்டும், "அப்ப அழற பீஸை இனிப் பிரிச்சுப் பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அழும் சட்டைகளுக்கு மஞ்சள் துணி விரித்த தனி மேஜை வந்தது, அங்கே போன சட்டையை யாரும் பிரிப்பதில்லை, தொடும் முன் பூங்கோதை கையைக் கழுவிக்கொண்டாள்.

விஷயம் காம்பவுண்டைத் தாண்டியபோது ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலே எடுத்துக்கொண்டது. சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் வரைபடத்தில் எங்கிருக்கிறது என்று தெரியாத நாடுகளின் பேரைச் சொல்லி, இந்தத் தடவை சறுக்கலில் அவங்கதான் என்றார்கள், வாட்ச்மேனுக்குப் பீடி வாங்கிக் கொடுத்து இன்றைக்கு எந்த நம்பர் அழுதது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகு தங்கள் துணிகளைக் கொண்டுவந்தார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைகளின் யூனிஃபார்ம் பை பையாக வந்தது, கவுன்சிலருக்கு நின்றவர் தம் வேட்டியை இஸ்திரி போட்டு அனுப்பினார், பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு அம்மா மகளின் சேலையைக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். எல்லாம் பெல்ட்டில் ஏறி, உள்ளே போய், சத்தமில்லாமல் வெளியே வந்தன. அந்தச் சேலை மட்டும் ஒரு தரம் அழுதது, கேட் வரைக்கும் ஆரவாரம் போனது, பிறகு முந்தானையில் ஒரு ஊக்கு இருந்தது தெரிந்தது. "பனி பெய்யற ஊருக்காரங்களுக்கு மட்டும்தான் அழும் போலிருக்கு" என்று வாட்ச்மேன் அந்த அம்மாவிடம் சேலையைத் திருப்பிக் கொடுத்தார். மெல்ல மெல்ல ஊர் துணி கொண்டுவருவதை நிறுத்தி, யாரென்றே தெரியாதவர்களுக்காகச் சந்தோஷப்படப் பழகிக்கொண்டது.

இந்த வருஷம் பெரிய போட்டி. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருவது. ஆடிக் காற்று ஷெட்டுத் தகரத்தைத் தட்டத் தொடங்கியபோது ஆர்டர் வந்தது. பேர் தெரியாது, முகம் தெரியாது, அளவு மட்டும் தெரியும் என்பதால் லைன் பெண்கள் அளவை வைத்தே பேர் வைத்தார்கள். கழுத்து நீண்டவன் ஒட்டகம். தொடையும் இடுப்பும் ஒரே அளவில் இருந்த ஒருத்தி உரல். இருபத்தேழுக்கு இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருந்தது, கையும் அந்தப் பக்கம் சற்றுக் குட்டை, உடம்போ பத்தாம் வகுப்புப் பிள்ளையின் உடம்பு. "இத வெச்சுக்கிட்டு இவ எப்பிடிப் புள்ள ஓடுவா?" என்று ஒருத்தி கேட்டாள். பனிக்கட்டி வட்டத்தில் ஓடுகிறவள், எப்போதும் இடது பக்கமே சாய்ந்து ஓட வேண்டும், சின்ன வயசிலிருந்து ஓடி ஓடித் தோள் அப்படி ஆகியிருக்கும் என்று அகிலன் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து அந்தச் சட்டை எந்த டேபிளுக்குப் போனாலும் ஒரு கை அதைத் தடவிவிட்டுத்தான் அனுப்பியது. வருஷக்கணக்காகக் குனிந்து தைத்ததில் அவர்களுக்கும் ஒரு தோள் தாழ்ந்துதான் இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சட்டையின் இடது அக்குளைத் தைக்கும்போதுதான், அது அழுவதற்கு முந்தின நாள், தவமணியின் ஊசி உடைந்தது.

உடைந்த ஊசிக்குப் புது ஊசி வேண்டுமானால் உடைந்த துண்டுகளை எல்லாம் சேர்த்துச் சென்னியப்பனிடம் காட்ட வேண்டும். அவர் அவற்றைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதிது தருவார். ஒரு துணுக்குக் குறைந்தாலும் லைன் நிற்கும், அன்று தைத்த மொத்தச் சட்டையும் பிரிபடும், ஆர்டர் தள்ளிப்போகும், டைலர் வெளியே போவாள். தவமணி முன்னால் வேலை பார்த்த கம்பெனியில் அப்படி ஒருத்தி போனதைப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போனாள், திறக்காத டிபன் பாக்ஸோடு. அதனால் எல்லா லைனிலும் டைலர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதாவது முனை இரண்டாக உடைந்தால் ஒன்றைக் காட்டி, ஒன்றைப் பொட்டு அட்டையின் பின்புறம் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகு யாருக்காவது துணுக்குக் குறைந்தால் அதைக் கடனாகக் கொடுப்பார்கள். தவமணி துணியை உதறினாள், தரையைத் தடவினாள், மிஷினுக்கடியில் காந்தத்தை இழுத்துப் பார்த்தாள், தன் மடியைப் பார்த்தாள், முனை இல்லை. சென்னியப்பன் அந்தப் பக்கம் வருவதற்குள் ஜரினா பொட்டு அட்டையைத் திருப்பி, நகத்தால் ஒன்றைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். "எங்கயாச்சும் தெறிச்சுப் போயிருக்கும்க்கா. தரையில எத்தனை கெடக்குது."

இப்போது அந்தச் சட்டை அழுதிருந்தது.

டீ மணி அடித்ததும் தவமணி ஜரினாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அது ஊசிதான் புள்ள."

"பதக்கம்."

"முனை கெடந்தாலும் விக்கி விக்கித்தான் அழும். நானே கேட்டிருக்கறேன்."

"வெண்கலமும் அப்பிடித்தான அழுவும்? உனக்கு மட்டும் எப்பிடித் தெரியும் அது ஊசின்னு? நீ என்ன மிஷினுக்குப் பெரியம்மாளா?"

"அது அக்குள்ல கெடந்துச்சுன்னா, அவ கையை வீசி ஓடறப்ப—"

"சொல்லு. போய்ச் சொல்லு. சென்னியப்பண்ணங்கிட்டப் போயி, சாஞ்ச தோளுக்குப் பதக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, என்ற ஊசிதானுங்க அழுவுதுன்னு சொல்லு. அப்பறம் உன்னைய கேட்டுல விடுவாங்க, என்னைய உன் பின்னாலயே விடுவாங்க. அந்த முனை யாருதுன்னு கேப்பாங்கல்ல?" ஜரினா டீயை ஊதினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே பதக்கமா இருந்துட்டா என்னக்கா பண்ணுவ? பிரிச்சுப் போட்டுட்டா அது போயிருமா இருக்குமா, யாருக்குத் தெரியும்?" என்றாள்.

தவமணிக்கு அது தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. மிஷின் நடக்கப்போவதைச் சொல்கிறதா, அது அழுவதால்தான் நடக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர்கூட, "அக்கா, உங்க லைன் புள்ளைக்கு வெண்கலமாம்ல?" என்றார். வீட்டில் சோறு பிசையும்போது விரலில் ஏதோ குத்தியது, பார்த்தால் கறிவேப்பிலைக் காம்பு. படுக்கையில் தன் இடது அக்குளைத் தடவிக்கொண்டு கிடந்தாள். பார்த்திராத அந்தப் பெண் பார்த்திராத பனிக்கட்டி மேல் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினாள், ஒவ்வொரு வட்டத்துக்கும் துணிக்குள் அந்த முனை ஒரு நூல் நகர்ந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் தைத்த தையல் கோணிக்கொண்டு போனது, சென்னியப்பன் வந்து, "ஏனுங் தவமணி, உடம்பு செரியில்லீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா" என்றாள்.

சட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் நாள் காலையில் மஞ்சள் மேஜைக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். ஷெட்டில் விசிறிகள் மட்டும் ஓடின. தவமணி டிபன் பாக்ஸை மிஷின் மேல் வைத்துவிட்டு மேஜைக்குப் போய், மேலே கிடந்த ஒட்டகத்தையும் உரலையும் நகர்த்தி, இருபத்தேழை எடுத்தாள். பதக்க அழுகை சட்டை முழுக்க இருக்கும், விளிம்பைக் கொடுத்தாலும் அழும். அவள் சட்டையின் வலது கை நுனியைப் பெல்ட்டில் வைத்தாள். மிஷின் அழவில்லை. வலது கை முழுவதையும் வைத்தாள், அடிப்பகுதியை வைத்தாள், காலரை வைத்தாள். அழவில்லை. அழு என்று அவள் உதட்டுக்குள் சொன்னாள். சாமியிடம்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை. இடது அக்குளை வைத்ததும் அது விக்கியது.

அவள் நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து உட்கார்ந்தாள். தான் தைத்ததைத் தானே பிரிப்பதில் கஷ்டமில்லை, எந்த நூலைப் பிடித்தால் எது வரும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மடிப்புக்கும் நடுவில், உடம்புப் பக்கம் முனை காட்டி, அது இருந்தது. எடுத்துத் தன் பொட்டு அட்டையின் பின்னால் ஒட்டினாள். பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி திரும்பத் தைத்தாள், அவள் வாழ்நாளில் அதைவிட நேராக ஒரு தையல் போட்டதில்லை. பிறகு சட்டையை முழுதாக விரித்துப் பெல்ட்டில் விட்டாள். அது உள்ளே போனது. மறுபக்கம் சத்தமில்லாமல் வெளியே வந்தது, பொதுத்தேர்வுக்குப் போன யூனிஃபார்ம்களைப் போல, கவுன்சிலர் வேட்டியைப் போல. அதைப் பார்த்து நின்றபோது, ஊசியோடு சேர்த்து இன்னொன்றையும் அந்தச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டேனோ என்று அவளுக்குப் பயம் வந்தது. ஊசியைப் பற்றிய பயம் போன இடத்தில் இது வந்து உட்கார்ந்தது, அதைவிடப் பெரிதாக. அவள் சட்டையை மடித்து அழுதவற்றின் நடுவில் வைத்து, பூவைச் சரிசெய்துவிட்டு வந்து, சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடினாள்.

"எடுத்துட்டயா?" என்றாள் ஜரினா, வாயைத் துடைத்துக்கொண்டே.

"ம்."

"அப்பறம் அழுதுச்சா?"

தவமணி பெடலை மிதித்தாள். ஜரினா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சட்டைகள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறின. மழை வந்தது, தீபாவளி போனஸ் வந்தது, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், போர்டில் சென்னியப்பன் எழுதிய நம்பர்கள் மேல் யாரும் கை வைக்கவில்லை. மாசியில் போட்டி தொடங்கியது. முதலாளி கேன்டீனில் பெரிய டிவி வைத்துக் கொடுத்தார். ஒட்டகம் தங்கம் வாங்கினான், கழுத்து நிஜமாகவே நீளம். உரல் வெள்ளி வாங்கி, கேமராவைப் பார்த்து அழுதபோது பூங்கோதையும் அழுதாள். பூங்கோதையைப் பார்த்தால் இப்போது வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஒவ்வொரு பதக்கத்துக்கும் தவமணி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள், ஏனென்றால் மிஷின் ஒரு தடவையும் தப்பவில்லை, அது தப்பினால்தான், ஊசி போன பின் அழாத இருபத்தேழுக்கு ஏதாவது கிடைக்கும். ஊரில் மிஷின் தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

இருபத்தேழு ஓடியது ஒரு மதியம். லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் கேன்டீனில் கூடியிருந்தார்கள், ஒரு ஹெல்பர் மிட்டாய் டப்பாவை முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தாள். திரையில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். இடது தோள் தாழ்ந்திருந்தது. "அவதான்! அவதான் புள்ள!" என்று சத்தம் எழுந்தது. அளவு எடுத்தது போலவே இருந்தாள், யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்கள். இரண்டிரண்டு பேராக ஓடுகிற ஓட்டம் அது, நேரம்தான் கணக்கு. அவள் சாய்ந்தாள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வட்டத்தின் வளைவில் தரையைத் தொட்டுவிடுவாள் போல. தவமணி அவளுடைய இடது அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை உயரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தாள். கை நோகாமல் உயர்ந்தது. ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. ஓடி முடித்தபோது பெயர் மூன்றாவதாக ஏறியது.

கேன்டீன் அதிர்ந்தது. ஜரினா தவமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தயா? பாத்தயாக்கா?"

"இன்னும் ஆள் இருக்குது" என்றாள் தவமணி.

இன்னும் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, மிட்டாய் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த ஜோடியில் உயரமான ஒருத்தி, யாரும் பேர் வைக்காத, வேறெந்த நாட்டிலோ வேறெந்தக் கம்பெனியிலோ சட்டை தைத்துப் போட்டவள், கடைசி வளைவில் இன்னும் தாழ்ந்து, கோட்டைத் தாண்டினாள். பெயர்கள் ஒரு படி இறங்கின. இருபத்தேழு நாலாவது.

மிட்டாயை வாயில் போட்டவர்கள் மென்று முடிக்கத் தெரியாமல் இருந்தார்கள். திரையில் அந்தப் பெண் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்ந்த தோள் அப்போது தெரியவில்லை, குனிந்தால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள்.

"அப்ப மிஷின் பொய் சொல்லிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு தடவை சொல்லிருச்சுன்னா அப்பறம் எதை நம்பறது?"

"இத்தனை நாளா கை கழுவிக் கழுவித் தொட்டாளே பூங்கோதை!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். நேற்றுவரை அப்படிச் சிரிக்க ஒருவருக்கும் தைரியம் வந்திருக்காது. பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தவமணி எழுந்தாள். வாய் திறந்தது. பெஞ்சுக்கடியில் ஜரினாவின் கால் அவள் காலை மிதித்தது, அழுத்தி, எடுக்காமல். தவமணி உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் டிவியை அணைத்தார். "போதுமுங்க. நாளையிலிருந்து கத்தற பீஸ் எதுவா இருந்தாலும் பிரிச்சுப் பாக்கோணும். விதின்னா விதிதான்" என்றார். ஷெட்டுக்குள் போய்ப் போர்டை அழித்தார். இருபத்தேழை மட்டுமல்ல, எல்லாவற்றையும். மஞ்சள் துணியை மடித்து, மிஷின் துடைக்கிற துணிகளோடு போட்டார். மணி அடித்தது, எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள், யாருடைய மிஷினும் வேகமாக ஓடவில்லை.

தவமணி தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல எழுந்து போனாள். டிடெக்டருக்குப் பக்கத்தில் பூங்கோதை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி பொட்டு அட்டையைத் திருப்பி, நகத்தால் அந்த முனையைக் கிள்ளி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் வைத்தாள். அது தூசியளவு தெரிந்தபடி நகர்ந்து உள்ளே போனது. மிஷின் விக்கி விக்கி அழுதது. ஒருவரும் தலை தூக்கவில்லை. அவள் மறுபக்கம் போய்க் கையை ஏந்தி அதை வாங்கி, சென்னியப்பன் மேஜையிலிருந்த தகர டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கிவிட்டு, தன் மிஷினுக்கு வந்து ஊசியில் நூல் கோத்தாள்.